ஆர்க்கி: பேரேடு பழகிய கைக்கு ஒரு வரைபடக் கருவி

போன ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் எங்கள் நூற்பாலையில் ஒரு கூத்து நடந்தது. வருகைப்பதிவு இயந்திரத்தோடு இணைந்த பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார்கள். வைத்தவர் நல்ல வேலைக்காரர். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் தினமும் நள்ளிரவில் அந்தச் சர்வர் ஒரு கோப்பை ஒரு கோப்புறையில் போட்டுவைக்கும் என்பதும், மாதக் கடைசியில் சம்பள மென்பொருள் அங்கே போய் அதை எடுத்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. புதிய சர்வர் கோப்பை வேறு இடத்தில் போட்டது. சம்பள மென்பொருள் வழக்கம்போலப் பழைய இடத்துக்குப் போனது, அங்கே கிடந்த ஜூலை மாதக் கோப்பை எடுத்தது, கணக்குப் போட்டு முடித்தது. ஒரு நாள்கூட லீவு போடாத, நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கும் சைடர் பெண்ணுக்கு ஆறு நாள் பிடித்தம். பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவருக்கு முழுச் சம்பளம்.

அதோடு நின்றிருந்தால் மறுநாள் சரிசெய்திருக்கலாம். அதே எண்கள் வருங்கால வைப்பு நிதிக் கோப்பிலும் ஏறிவிட்டன. அந்தக் கோப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி, எண்களுக்கு நடுவே காற்புள்ளிக்குப் பதிலாக ஹாஷ், அலைக்குறி, மறுபடியும் ஹாஷ். 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம். நாங்கள் 9ஆம் தேதியே கட்டி முடித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் அடங்கிய பிறகு முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்த மென்பொருள் எதற்கு எதைக் கொடுக்கிறது என்று ஒரே தாளில் எழுதித் தர முடியுமா?" முடியும் என்று சொல்லிவிட்டேன். நான் 19 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள்; கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகியபோது அந்தப் பொறுப்பும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று எழுதுவது எனக்குப் புதிய வேலையா என்ன?

முதலில் எக்ஸெல்லில் கட்டம் போட்டேன். எங்களிடம் 14 மென்பொருள்கள்: எடைமேடை, பஞ்சுக் கிடங்கு, ஆய்வகம், உற்பத்தி, நூல் விற்பனை, கணக்கெழுதும் டாலி, வருகைப்பதிவு, சம்பளம் என்று போகும் பட்டியல். மேலே 14, பக்கவாட்டில் 14. மூலைவிட்டத்தைக் கழித்தால் 182 கட்டங்கள். நிரம்பியவை இருபதுக்குள். பார்க்கிறவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. விடுபட்ட பல்வரிசை போல இருந்தது. பிறகு விளக்கக்காட்சி மென்பொருளில் பெட்டி பெட்டியாக வரைந்தேன். அழகாக வந்தது. ஐந்து பக்கங்கள் வரைந்தபின் ஒரு மென்பொருளின் பெயர் மாறியது. மூன்று பக்கங்களில் மாற்றினேன், இரண்டில் மறந்தேன். அடுத்த கூட்டத்தில் ஒருவர் இரண்டு பெயரையும் காட்டி "இவை இரண்டும் வேறு வேறா?" என்று கேட்டார். அன்றோடு அதையும் மூடிவைத்தேன்.

இடையில் கட்டண மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தார் வந்து காட்டிவிட்டும் போனார்கள். பெரிய வங்கிகளுக்கு ஆகும். எங்களுக்கு அந்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு கோன் வைண்டிங் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

ஆர்க்கி வந்தது அதற்குப் பிறகு. இலவசம். இங்கிலாந்தின் போல்ட்டன் பல்கலைக்கழகத்தில், கல்வித் துறைக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் ஜிஸ்க் அமைப்பின் நிதியில் உருவாகி 2010இல் வெளிவந்த திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது வரைவது ஆர்க்கிமேட் என்ற குறியீட்டு மொழியில். அந்த மொழி 2002 முதல் 2004 வரை நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வுத் திட்டத்தில் பிறந்தது. பின்னர் தி ஓபன் குரூப் என்ற அமைப்பு அதை ஏற்று 2009இல் முதல் பதிப்பைத் தரமாக வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் வேலைகள், மென்பொருள்கள், இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே இலக்கணத்தில் எழுதுவதற்கான மொழி. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைப் பெட்டிகள் உண்டு. நான் பயன்படுத்துவது ஐந்தோ ஆறோ. மற்றவற்றைக் கற்றுக்கொள்ளாததால் இதுவரை எந்த வேலையும் நின்றுபோகவில்லை.

திறந்தவுடன் திரையின் இடது மேல் மூலையில் ஒரு மரம் தெரியும். அதுதான் மாதிரி. நடுவில் வெள்ளைத் தாள். அதுதான் பார்வை. இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பதில்தான் ஆர்க்கியின் உயிர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவதும் இதே இடத்தில்தான். எனக்குக் குழப்பமே வரவில்லை. மரம் பேரேடு, தாள் அறிக்கை. பேரேட்டில் ஒரு கணக்கு ஒரு முறைதான் இருக்கும். அது இருப்பாய்விலும் வரும், லாப நட்டக் கணக்கிலும் வரும். டாலி என்ற பெட்டியை மரத்தில் ஒரு முறை உண்டாக்கிவிட்டு ஏழு தாள்களில் இழுத்துப் போட்டிருக்கிறேன். மரத்தில் பெயரை மாற்றினால் ஏழிலும் மாறிவிடுகிறது. எந்தத் தாளிலும் போடாமல் விட்டுவிட்ட பெட்டி மரத்தில் சாய்வெழுத்தில் நிற்கும். பேரேட்டில் பதிந்து அறிக்கையில் விட்டுப்போன கணக்கை யாரோ பென்சிலால் சுழித்து வைத்தது போன்ற உதவி அது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. பெட்டியை அழிக்கும்போது, பார்வையிலிருந்து அழிப்பது ஒரு கட்டளை, மாதிரியிலிருந்தே அழிப்பது இன்னொரு கட்டளை. இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. இரண்டாவதைத் தொட்டால் எல்லாத் தாள்களிலிருந்தும் பெட்டி போய்விடும், அதோடு ஒட்டியிருந்த கோடுகளும் போய்விடும். செய்ததைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. முதல் வாரத்தில் அதற்கு நிறைய வேலை கொடுத்தேன்.

இனி கோடுகள். விளக்கக்காட்சியில் ஒரு கோட்டை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆர்க்கியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு இழுத்தவுடன் எந்த உறவு என்று பட்டியல் விரிகிறது. அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆர்க்கிமேட் இலக்கணம் அனுமதிக்கும் உறவுகள் மட்டுமே அதில் இருக்கும். நான் முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து எரிச்சல்பட்டேன். "தரவு போகிறது, அவ்வளவுதானே" என்று தோன்றியது. அவ்வளவு மட்டும் இல்லை என்று மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்)தான் எனக்குப் புரியவைத்தது.

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் வணிகர்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் விற்பனை மென்பொருள் பில்லின் விவரத்தை அனுப்பும். தளம் 64 எழுத்துகள் கொண்ட ஒரு பதிவு எண்ணையும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியையும் திருப்பித் தரும். இதை எப்படி வரைவது? "சேவை" என்ற உறவை எடுத்தால் அம்பு தளத்திலிருந்து எங்கள் மென்பொருளுக்கு வரும், ஏனென்றால் சேவை செய்வது தளம். "ஓட்டம்" என்ற உறவை எடுத்தால் பில்லுக்கான அம்பு எங்களிடமிருந்து தளத்துக்குப் போகும். பதிவு எண்ணுக்கு இன்னொரு ஓட்டம் திரும்பி வரும். ஒரே ஜோடிப் பெட்டிகள். சேவை அம்பும் பில்லின் அம்பும் நேர் எதிர்த் திசையில். இரண்டுமே சரி.

இதை விளங்கிக்கொள்ளாமல் நான் பழைய படங்களில் இரண்டையும் கலந்து வைத்திருந்தேன். சில அம்புகள் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காட்டின, சில சரக்கு எந்தப் பக்கம் போகிறது என்று காட்டின. பற்றையும் வரவையும் ஒரே பத்தியில் எழுதிய கணக்குப் போல. இப்போது ஒரு தாளில் ஓட்டங்கள் மட்டும், இன்னொரு தாளில் சேவைகள் மட்டும். ஆர்க்கியில் ஓட்டம் என்பது கோடு விட்டு விட்டுப் போய் முனையில் நிரம்பிய முக்கோணத்தில் முடியும். சேவை என்பது முழுக் கோடு, திறந்த முனை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது.

அடுத்து, ஓட்டத்தின்மேல் என்ன ஓடுகிறது என்று எழுத வேண்டும். எளிய வழி, கோட்டுக்கே பெயர் வைப்பது: "பில் விவரம்", "நாள் வருகை". நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொஞ்ச நாளில் "நாள் வருகை" ஓரிடத்திலும் "தின வருகை" வேறிடத்திலும் எழுதியிருந்தேன். சரியான வழி, வருகைப் பட்டியல் என்பதைத் தனியொரு தரவுப் பெட்டியாக உண்டாக்கி, அதிலிருந்து ஒரு கோட்டை ஓட்டக் கோட்டின்மேலேயே கொண்டுபோய் இணைப்பது. ஆமாம், கோட்டிலிருந்து கோட்டுக்கு. ஆர்க்கிமேட்டின் 3ஆம் பதிப்பு முதல் இதற்கு இடம் உண்டு, ஆர்க்கியும் செய்யவிடுகிறது. இப்படிச் செய்தபின் வருகைப் பட்டியலைச் சொடுக்கினால் அது எந்தெந்த ஓட்டங்களில் பயணிக்கிறது என்று கீழே பண்புகள் பலகையின் பகுப்பாய்வுப் பகுதியில் வரிசையாக வந்து நிற்கிறது. எந்தெந்தத் தாள்களில் இருக்கிறது என்பதும் அங்கேயே. ஆகஸ்டில் எங்களுக்கு இது இருந்திருந்தால் சர்வரைக் கழற்றும் முன்பே அந்த வரி கண்ணில் பட்டிருக்கும்.

ஓட்டம் என்று எழுதவே கூடாத இடங்களும் இருக்கின்றன. எங்கள் உற்பத்தி மென்பொருளும் விற்பனை மென்பொருளும் ஒரே தரவுத்தளத்தில் லாட் (நூல் தொகுதி) அட்டவணையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று எழுதுகிறது, மற்றது படிக்கிறது. நடுவில் எதுவும் அனுப்பப்படவில்லை. இதற்கு "அணுகல்" உறவு: புள்ளிக் கோடு, எழுதுவதா படிப்பதா என்பதைப் பண்புகளில் தேர்ந்தெடுத்தால் அம்பு அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். நான் இதை ஓட்டமாக வரைந்திருந்தால் நாளைக்கு யாராவது "அந்தக் கோப்பு எங்கே விழுகிறது?" என்று தேடி அலைவார்கள்.

ஆர்க்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டும் ஓட்டங்கள் தாமாக வந்து படத்தில் ஏறிக்கொள்ளாது. வலைப்பின்னலைத் துழாவிக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அல்ல இது. நோட்டும் பேனாவுமாகப் பிரிவு பிரிவாக நான்தான் நடந்தேன். இருபது என்று நினைத்த ஓட்டங்கள் கடைசியில் 43 ஆயின. கூடுதலாகக் கிடைத்தவற்றில் முக்கால்வாசி எந்த மென்பொருளின் கையேட்டிலும் இல்லாதவை. ஆய்வகத்தில் பஞ்சின் இழை நீளமும், இழையின் நயத்தைச் சொல்லும் மைக்ரோனேரும் ஒரு கணினியில் இருக்கும், அதே எண்கள் கொள்முதல் பிரிவின் எக்ஸெல்லிலும் இருக்கும். நடுவில் ஒரு பெண் தினமும் காலையில் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். காற்றாலை உற்பத்திக் கணக்கு பிடிஎஃபாக வருகிறது, அதையும் யாரோ தட்டுகிறார்கள்.

எடைமேடைக்குப் போனபோதுதான் பெரிய ஓட்டம் அகப்பட்டது. லாரி எடைபோட்ட விவரம் பஞ்சுக் கிடங்கு மென்பொருளுக்குத் தானாகப் போகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் ஒரு ஓட்டக் கோடு போட்டு வைத்திருந்தேன். கிடங்கில் கணக்குப் பார்க்கும் அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"தானாக எங்கே போகிறது அம்மணி? நான் போய்த்தான் எடுத்து வருகிறேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வண்டிச் சாவி, பீரோச் சாவி, அவற்றோடு ஒரு நீலப் பென் டிரைவ். மூடி எப்போதோ உடைந்துபோய் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு எடைமேடைக்கு நடப்பார், கோப்பை எடுப்பார், திரும்பி வந்து கிடங்குக் கணினியில் ஏற்றுவார். ஏழு வருடங்களாக. தானாகப் போகும் ஏற்பாடு ஒன்று முதலில் இருந்ததாம், ஒரு மழைக்காலத்தில் கேபிள் போய்விட்டதாம்.

"நீங்கள் லீவு போட்டால்?"

"நான் எங்கே லீவு போடுகிறேன்?"

இதை ஆர்க்கியில் வரைய முடிந்தது என்பதற்காகவே அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். ஆர்க்கிமேட்டில் மென்பொருள் பெட்டிகள் வெளிர்நீலம், மனிதரும் வேலையும் மஞ்சள். எடைமேடையிலிருந்து கிடங்குக்குப் போன கோட்டை அழித்துவிட்டு நடுவில் ஒரு மஞ்சள் பெட்டியை வைத்தேன். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு ஒரு ஓட்டம், மஞ்சளிலிருந்து நீலத்துக்கு ஒரு ஓட்டம். முதலாளி அச்செடுத்த தாளைப் பார்த்ததும் விரலை நேராக அங்கேதான் வைத்தார். நாற்பத்து மூன்று கோடுகளையும் படிக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பண்புகள் சேர்க்கலாம். நான் வைத்திருப்பவை நான்கு: எப்போது, எந்த வடிவத்தில், எந்தக் கோப்புறை, பொறுப்பாளர் யார். இவற்றை வேண்டுமானால் கோட்டின்மேலேயே எழுத்தாகத் தெரியவைக்கும் வசதியும் உண்டு, வேண்டாவிட்டால் மறைத்துக்கொள்ளலாம். 43 ஓட்டங்களுக்கு இவற்றை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தட்டினால் விடிந்துவிடும். அதற்கு ஒரு குறுக்கு வழி: மாதிரியை சிஎஸ்வியாக (எக்ஸெல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) ஏற்றுமதி செய்தால் பெட்டிகளுக்கு ஒன்று, உறவுகளுக்கு ஒன்று, பண்புகளுக்கு ஒன்று என்று மூன்று கோப்புகள் கிடைக்கும். எக்ஸெல்லில் நிரப்பி மறுபடியும் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அடையாள எண் பத்தியை மட்டும் தொடாதீர்கள். பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக் குறியாக்கத்தில் பிஓஎம் என்று சேர்ந்து வரும் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். சாதாரண யூடிஎஃப்-8இல் எடுத்து எக்ஸெல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் "பஞ்சுக் கிடங்கு" என்பது ஏதோ ஜோதிடச் சக்கரம் போலத் தெரியும். அரை நாள் போனது எனக்கு.

குறைகளைச் சொல்கிறேன். இது ஒருவர் தன் கணினியில் வைத்து வேலை செய்யும் மென்பொருள். மாதிரி ஒரே கோப்பு. நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமென்றால் கோஆர்க்கி என்ற செருகுநிரலைப் போட்டு, கோப்பில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் வழியாகப் பகிர வேண்டும். நன்றாக வடிவமைத்திருக்கிறார்கள், மாதிரியைச் சிறு சிறு கோப்புகளாக உடைத்து வைக்கிறது. ஆனால் கிட் என்றால் என்னவென்று தெரியாத ஒரு கணக்கர் கையில் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நாங்கள் பழைய முறைதான்: திருத்துவது நான் ஒருத்தி, மற்றவர்களுக்கு ஹெச்டிஎம்எல் அறிக்கை. அந்த அறிக்கையை உலாவியில் திறந்து பெட்டிகளைச் சொடுக்கிப் பார்க்கலாம். பிரிவுத் தலைவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கிறது. ஜேஆர்க்கி என்று இன்னொரு செருகுநிரல், நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு. நான் தொடவில்லை.

படம் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் டாலிப் பெட்டியைச் சுற்றிச் சிலந்திவலை. வளைத்து, முறித்து, நகர்த்திக் கோடுகளை வகிடெடுப்பது நம் வேலை. நான் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன்: ஒரு தாளுக்கு ஒரு கேள்வி. "சம்பளம் கணக்கிட எவையெல்லாம் தேவை?" என்பது ஒரு தாள், "ஒரு பொதி பஞ்சு உள்ளே வந்தால் எங்கெல்லாம் பதிவாகிறது?" என்பது ஒரு தாள். முதலாளி கேட்டது ஒரே தாள். இப்போது ஒன்பது இருக்கிறது. அவர் குறை சொல்லவில்லை.

சரிபார்ப்பான் என்று ஒரு கருவியும் உள்ளே இருக்கிறது; எங்கும் பயன்படாத பெட்டிகள், ஒரே பெயரில் இரண்டு, வெறும் தாள் என்று பட்டியல் போடும். மாதக் கடைசியில் இருப்பாய்வு போடுவது போல அதை ஓட்டுகிறேன். ஒன்றை மட்டும் அது சொல்லாது: நான் வரைந்தது உண்மைதானா என்று. எடைமேடைக் கோடு இலக்கணப்படி எந்தப் பிழையும் இல்லாமல்தான் இரண்டு மாதம் அங்கே கிடந்தது.

யாருக்கு ஆகும்? பத்துக்கு மேல் மென்பொருள் வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொட்டால் எது விழும் என்று தெரியாமல் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்குத் தாராளமாக. மூன்றே மென்பொருள் இருக்கிற கடைக்கு ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதில் மென்பொருளுக்கு மூன்று நாள், ஆர்க்கிமேட் மொழிக்கு மீதி. நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று, கோடுகளை வகிடெடுத்த என் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக.

கேபிள் போட்டுத் தர ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மதிப்பீடு இன்னும் வரவில்லை. அதுவரை மஞ்சள் பெட்டி அங்கேதான் இருக்கும். அந்த ஓட்டத்தின் பொறுப்பாளர் பண்பில் அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று சொற்கள் கூடுதலாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்: தை மாதம் ஓய்வு.